பழைய பார்கோவும் ஏழு வருடமும்

வாங்கும்போது, சரிசெய்து ஓடவைக்க ஒரு வருட வேலை என்று நினைத்தேன். இப்போது ஏழாவது வருடம் நடக்கிறது. வண்டி பார்கோ, மூக்கு நீண்ட பழைய லாரி. கோழிப்பண்ணை ஓரம் சீமைக்கருவேலம் புதருக்குள் நின்றிருந்தது. கிரேன் வைத்துத் தூக்கி வந்தோம். அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்தில் உட்காருபவர் கேட்பது ஒன்றுதான்: "அந்த லாரி என்னாச்சுங்க, ஓடுதுங்களா?"

நடுவில் இரண்டு முறை விற்றுவிட முடிவு செய்தேன். இரண்டாவது முறை பழைய இரும்புக்காரர் வந்து கிலோ விலை வரை பேசிவிட்டார். எனக்குப் பொறுமை போதவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். அப்புறம் நோட்டைப் புரட்டிப் பார்த்தால், இரண்டு முறையும் ஒரே நிலைமை: முழு வண்டியையும் பிரித்துப் போட்டிருந்தேன், அன்றைக்கு உட்கார்ந்து முடிக்கிற மாதிரி ஒரு வேலைகூடக் கையில் இல்லை. அந்த நிலையில் யாருக்கும் பொறுமை நிற்காது. வேலையை அடுக்குகிற விதத்தை மாற்றிய பிறகு, அதே ஆள், அதே வண்டி, கோபம் மட்டும் குறைந்துவிட்டது. புதிதாக இறங்குகிறவர்களுக்கு அந்த அடுக்கும் விதத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன். என் வண்டியை வைத்துச் சொல்கிறேன். உங்களுடையது டாடா மெர்சிடிஸாகவோ லேலண்ட் காமெட்டாகவோ பெட்ஃபோர்டாகவோ இருந்தாலும் பெரும்பாலானது பொருந்தும்.

வாங்குவதற்கு முன்

முதல் வேலை வண்டியைப் பார்ப்பது இல்லை, காகிதத்தைப் பார்ப்பது. ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது, வரி பாக்கி உண்டா, ஃபைனான்ஸ் கடன் ரத்தாகியிருக்கிறதா என்று கேளுங்கள். சேஸியில் (வண்டியின் அடிச்சட்டம்) அடித்த எண் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று நேரில் பாருங்கள். எண் துருவுக்குள் மறைந்திருந்தால் கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் போதும். கிரைண்டர் பட்டால் எண் போய்விடும், எண் போனால் வண்டியே போன மாதிரி.

இன்னொன்று. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் பதிவு, 50 வயது தாண்டிய இருசக்கர வண்டிகளுக்கும் சொந்த உபயோகக் கார்களுக்கும்தான். சரக்கு லாரி அந்தக் கணக்கில் வராது. ரோட்டில் ஓட்டும் ஆசை இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய், பெயர் மாற்றம், எஃப்.சி. (தகுதிச் சான்று), வரி எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவது வருடத்தில் போய்க் கேட்டு, வந்த பதிலில் மனசு விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, வாங்கப்போகும் வண்டியின் வம்சாவளியைத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் ஆர்வத்துக்காகச் சொல்லவில்லை, பாகம் தேடும்போது அதுதான் வழிகாட்டும். பார்கோ என்பது அமெரிக்க கிரைஸ்லர் கம்பெனியின் பெயர்களில் ஒன்று. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இந்த லாரிகளைச் செய்தது. டாட்ஜ், டி சோட்டோ, பார்கோ மூன்றும் முகப்பில் எழுத்து மட்டும் மாறிய ஒரே வண்டி என்றே சொல்லலாம். ஆகவே கடையில் "பார்கோ சாமான் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் இல்லை என்பார்கள், டாட்ஜ் என்று கேட்டால் பரண்மேல் இருந்து இறங்கும்.

எஞ்சின் கதை இன்னும் சுவாரசியம். பெர்கின்ஸ் பி6 என்ற ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1937-ல் வந்தது. கிட்டத்தட்ட 4.7 லிட்டர், 83 குதிரைத் திறன். சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி இதை 1950-களில் செய்ய ஆரம்பித்தது. பெட்ரோலில் பிறந்த பல பார்கோக்கள் பின்னால் பி6-க்கு மாறின. இதே எஞ்சின் ஜெனரேட்டரிலும் கம்ப்ரஸரிலும் படகிலும்கூட உட்கார்ந்திருக்கிறது. என் வண்டிக்கு ஹெட் (எஞ்சினின் மேல்மூடி) கிடைத்தது லாரிக் கடையில் இல்லை, ஒரு கல்குவாரியின் பின்பக்கம், கைவிடப்பட்ட கம்ப்ரஸரில்.

எங்கே நிறுத்துவது

வண்டியைக் கொண்டுவந்த அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த வண்டி கடைசியில் என்ன செய்ய வேண்டும்? கண்காட்சியில் நிற்க வேண்டுமா, ஆயுத பூஜைக்கு ஊரைச் சுற்றி வர வேண்டுமா, தோட்டத்துக்குள் தேங்காய் ஏற்ற வேண்டுமா? மூன்றுக்கும் வேலை வேறு, செலவு வேறு, காலமும் வேறு. நான் எழுதியது இதுதான்: "தானாக ஸ்டார்ட் ஆக வேண்டும், தானாக நிற்க வேண்டும், 50 கிலோமீட்டர் நிம்மதியாகப் போக வேண்டும்." பிரேக் டிரம்மைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட உட்காரும்போதெல்லாம் அந்தத் தாள்தான் என்னை எழுப்பிவிட்டிருக்கிறது. பழைய வண்டிக்காரர்களின் பெரிய வியாதி அது. ஒரு பாகத்தை அளவுக்கு மேல் அழகாக்கிவிட்டால், பக்கத்துப் பாகம் அசிங்கமாகத் தெரியும். அப்படியே போனால் முடிவே இல்லை.

இடம்: கூரை உள்ள கொட்டகை, வண்டியைச் சுற்றி ஆள் நடக்க நாலு அடி, பூட்டு. எலியும் கரையானும் வராமல் பார்ப்பது உங்கள் பாடு. எனக்கு எலி ஒரு முழு ஒயரிங்கைத் தின்றது. கரையான், கேபினில் மிச்சமிருந்த நல்ல மரச்சட்டம் ஒன்றைத் தின்றது. பழைய மரத்தைத் தரையில் வைக்காதீர்கள். செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

பிரிக்கும் விதம்

எல்லாம் கெடுவதும் நிலைப்பதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

புதிதாக வருபவருக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை பெரிய உற்சாகம். பானட், மட்கார்டு, ரேடியேட்டர், சீட்டு, டாஷ்போர்டு எல்லாம் சாயங்காலத்துக்குள் தரைக்கு வந்துவிடும். பிரிப்பது ஒரு போதை. நட்டு கழன்றாலே வேலை நடந்த மாதிரி இருக்கும். மூன்றே மாதத்தில் கொட்டகை முழுக்க இரும்பு, எது எதன் பக்கத்தில் இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பாதியில் நின்ற வண்டிகளில் பெரும்பாலானவை நின்றது இந்த இடத்தில்தான். எவரோ பிரித்து, கோணிப் பையில் கட்டி விற்ற வண்டிகளை வாங்கப் போனால் உங்களுக்கே தெரியும்.

நான் இப்போது வைத்திருக்கும் சட்டம்: ஒரு நேரத்தில் ஒரு பகுதி. பிரேக் என்றால் பிரேக் மட்டும். அதைப் பிரித்து, கழுவி, சரிசெய்து, திரும்ப மாட்டி, பெயின்ட் தொட்டுவைத்த பிறகே அடுத்தது. சேஸியை மொத்தமாகச் சுத்தம் செய்ய வேண்டிய கட்டம் ஒன்று வரத்தான் செய்யும், அப்போது எல்லாவற்றையும் இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன்பே எஞ்சினும் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் தனித்தனியாகத் தயாராகி அலமாரியில் இருந்தால், அந்தக் கட்டம் சில மாதத்தில் முடியும். அதோடு, வண்டி எப்போதும் உருளும் நிலையில் இருக்கட்டும். நாலு சக்கரத்தில் தள்ளிப்போக முடிகிற வண்டியை எந்த நெருக்கடியிலும் காப்பாற்றலாம். கட்டை மேல் நிற்கும் வண்டியை இடத்துக்காரர் காலி செய்யச் சொன்னால், இரும்புக்கடை தவிர வேறு போக்கிடம் கிடையாது.

போட்டோ எடுங்கள், நிறைய எடுங்கள். ஒரே பாகத்தை நாலு பக்கமிருந்து, பக்கத்தில் உங்கள் கையை வைத்து. கழற்றிய போல்ட்டை முடிந்தவரை அதே ஓட்டையில் திருப்பிப் போட்டு இரண்டு மரை ஏற்றி வைப்பதுதான் உலகத்திலேயே நல்ல சேமிப்பு முறை. முடியாதவற்றை டப்பாவில் போடுங்கள். காகிதச் சீட்டு எழுதி ஒட்டாதீர்கள். எண்ணெய் பட்டு மை அழிந்துவிடும், மிச்சத்தைப் பூச்சி தின்னும். பழைய அலுமினியத் தகட்டை வெட்டி, ஆணியால் எழுத்தைக் கொத்தி, கம்பியால் கட்டிவிடுங்கள். "ரே. கீழ். டிரைவர்" என்று ஆறு வருடத்துக்கு முன் கொத்திய தகடு ஒன்று இன்றும் வாசிக்கும்படி இருக்கிறது.

அப்புறம் நோட்டு. தேதி, செய்தது, செலவு, அடுத்து செய்ய வேண்டியது என நாலு வரி போதும். கடைசி வரிதான் முக்கியம். மூன்று வாரம் கழித்துக் கொட்டகைக்குள் நுழையும்போது, "கிளீனர் பக்க முன் டிரம், பழைய லைனிங் ரிவெட் எடுக்க வேண்டும், 6 எம்.எம். டிரில் பெட்டியில்" என்று எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் கை வேலையில் இருக்கும். இல்லையென்றால் ஒரு மணி நேரம் வண்டியைச் சுற்றி நடந்துவிட்டு, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவீர்கள்.

கழறாத நட்டு

என் வண்டியில் முதல் சண்டை வீல் நட்டோடு. டிரைவர் பக்கம் சுலபமாகக் கழன்றது. கிளீனர் பக்கம், அதாவது இடப்பக்கம், அசையவே இல்லை. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டேன், சூடு காட்டினேன், ஸ்பேனரில் நாலடி பைப் மாட்டித் தொங்கினேன். இரண்டு நாள். இரண்டாவது நாள் சாயங்காலம் 'டக்' என்றது, கழன்றுவிட்டது என்று குனிந்து பார்த்தால் ஸ்டட் (நட்டு ஏறும் மரைத்தண்டு) முறிந்து கையோடு வந்திருந்தது. அடுத்த ஸ்டட்டுக்கு நான் பைப்பைத் தூக்கும் நேரத்தில், ரோட்டில் போன வயதான டிரைவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

"ஏனுங் தம்பி, எந்தப் பக்கம் திருப்பறீங்க?"

"கழட்டற பக்கந்தானுங்க."

"இது கிளீனர் பக்கமுங்க. இந்தப் பக்கம் எல்லாமே எதிர் மரை. நீங்க ரெண்டு நாளா முடுக்கிட்டு இருக்கீங்க."

ஸ்டட் முனையைத் துடைத்துப் பார்த்தால் 'எல்' என்ற ஆங்கில எழுத்து தெளிவாக அடித்திருந்தது. கிரைஸ்லர் வம்ச வண்டிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை வைப்பது வழக்கம். ஓட ஓட நட்டு தளராமல் இருக்க அந்த ஏற்பாடு. மறுபக்கம் திருப்பியதும், நான் முடுக்கி வைத்த முடுக்கு போக, மிச்ச நட்டுகள் கழன்றன. எனவே எந்த நட்டோடும் மல்லுக்கட்டும் முன் முனையைத் துடைத்துப் பாருங்கள்.

உண்மையிலேயே துருப்பிடித்த நட்டுக்கு வரிசை இதுதான். கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கழற்றும் பக்கம் போகாமல், முதலில் முடுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசையுங்கள். துருவின் பிடி உடையும். அதற்கும் மசியாவிட்டால் கேஸ் வைத்து நட்டை மட்டும் சூடாக்கி, மெழுகுவர்த்தியை மரையில் தொடுங்கள். உருகிய மெழுகு தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கும் வரவில்லையா, அன்றைக்கு அந்த நட்டை விட்டுவிடுங்கள். ஒரு நட்டுக்கு ஒரு நாளில் கால் மணி நேரத்துக்கு மேல் கிடையாது என்று வைத்திருக்கிறேன். முறிந்த ஸ்டட்டை டிரில் போட்டு எடுக்க அரை நாள் ஆகும், எண்ணெய் விட்டுக் காத்திருக்க ஒன்றும் ஆகாது.

சக்கரம் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. இந்த லாரிகளின் ரிம்மில் டயரைப் பிடித்திருப்பது இரும்பு லாக் ரிங். காற்று இருக்கும் நிலையில் துருப்பிடித்த ரிங் தெறித்தால் ஆள் தப்பமாட்டார். வீல் நட்டில் கை வைக்கும் முன்பே வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் விட்டுவிடுங்கள். டயரைப் பிரிப்பதும் காற்றடிப்பதும் லாரி டயர் பஞ்சர் கடைக்காரர் வேலை, அதுவும் ரிங் தெறித்தால் தடுக்கும் இரும்புக் கூண்டு வைத்திருப்பவரிடம். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

இறுகிப்போன எஞ்சின்

பல வருடம் நின்ற எஞ்சின் சுற்றாது. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். "கட்டி இழுத்தா சுத்திரும்" என்று சொல்ல ஆள் வரும். கேட்காதீர்கள். வளைந்த கனெக்டிங் ராடுக்கு இன்றைக்கு எங்கே போவீர்கள்?

இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசலும் ஏ.டி.எஃப். எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் எண்ணெய்) சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றுங்கள். ஓட்டையைத் துணியால் மூடுங்கள். தினமும் பாருங்கள், எது சீக்கிரம் வற்றுகிறதோ அந்த சிலிண்டரில் ரிங் விட்டுக்கொடுக்கிறது, வற்றாததில் இன்னும் பிடி இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரை இறக்கிவிட்டு, அந்த ஓட்டை வழியாக ஃபிளைவீல் பல்லில் கடப்பாரையை வைத்து முன்னும் பின்னும் மெல்லத் தள்ளுங்கள். தள்ளும் முன் ஃபிளைவீலில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எனக்குப் பதினெட்டு நாள் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. பத்தொன்பதாவது நாள் அரை விரல்கடை நகர்ந்திருந்தது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டதற்கு விளக்க முடியவில்லை.

சுற்ற ஆரம்பித்ததும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஊற்றிய கலவை பாதி, ரிங் வழியாக இறங்கி கீழே எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும். அந்த ஆயிலை முழுக்க வடித்துவிட்டு ஃபில்டரோடு மாற்றுங்கள். சிலிண்டரில் மிச்சமிருப்பதும் வெளியே வர வேண்டும். திரவம் நிரம்பிய சிலிண்டரை மோட்டார் வைத்துச் சுற்றினால் ராடு வளையும்.

லேத்தும் காத்திருப்பும்

இனி உங்கள் கையில் இல்லாத வேலை: போரிங் (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சீராக்குவது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் தண்டைத் தேய்த்துச் சீராக்குவது), டீசல் பம்பு, நாசில். பட்டறையில் "நாளைக்கு வாங்க" என்றால் அடுத்த வாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "அடுத்த வாரம்" என்றால் தீபாவளிக்கு அப்புறம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓடுகிற லாரி நின்றால் ஒரு குடும்பத்தின் சோறு நிற்கும். உங்கள் லாரி நிற்பது புதிதில்லை.

வரிசை ஒன்று மட்டும் மாறக்கூடாது. பிஸ்டன் கைக்கு வராமல் போரிங் போடாதீர்கள், பேரிங் கைக்கு வராமல் கிராங்கைத் தேய்க்காதீர்கள். புது எஞ்சினுக்கு எந்த அளவும் கடையில் கிடைக்கும். பி6-க்கு பத்து, இருபது, முப்பது (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) அண்டர்சைஸ் பேரிங்கில் எது கிடைக்கிறதோ அதற்குத் தகுந்த மாதிரிதான் கிராங்கைத் தேய்க்க வேண்டும். முப்பதுக்குத் தேய்த்துவிட்டு, இருபது மட்டும் கிடைக்கிற ஊரில் நிற்காதீர்கள்.

கொடுக்கும் முன் எல்லாவற்றிலும் உங்கள் அடையாளத்தைப் போடுங்கள். மெயின் பேரிங் கேப் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்தான் உட்காரும். ஒரு பட்டறையில் என் கேப்புகளை வேறு எஞ்சின் கேப்புகளோடு கலந்து வைத்துவிட்டார்கள். பிரித்தெடுக்க நாலு மாதம் ஆனது. நான் முன்பே சென்டர் பஞ்சால் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி வைத்திருந்தால் நாலு நிமிட வேலை.

பாகத்துக்கு சென்னை என்றால் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும். பேரிங், ஆயில் சீல் இரண்டையும் வண்டிப் பெயர் சொல்லித் தேடாதீர்கள். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் அளந்து கொண்டுபோனால் பெரும்பாலும் அடுத்த தெருவிலேயே கிடைத்துவிடும். பேக்கிங்கை, அதாவது பாகங்களுக்கு நடுவே கசிவு வராமல் வைப்பதை, ஷீட் வாங்கி நீங்களே வெட்டலாம். ஹெட் பேக்கிங் மட்டும் விதிவிலக்கு, அதைக் கண்ட இடத்தில் இரண்டாக வாங்கி வையுங்கள்.

காத்திருக்கும் மாதங்களுக்கென்று சின்ன வேலைகளின் பட்டியல் ஒன்று தனியாக இருக்கட்டும். ஹார்ன், ஆயில் பிரஷர் மீட்டர், கதவுக் கைப்பிடி, டூல் பாக்ஸ் பூட்டு. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பித்து முடிகிற வேலை மட்டும்தான் அந்தப் பட்டியலில் சேரலாம். எஞ்சின் பட்டறையில் கிடந்த பத்து மாதத்தில் நான் வைப்பர் மோட்டாரை ஓடவைத்தேன். கண்ணாடியே இல்லாத கேபினில் வைப்பர் ஆடியதைப் பார்த்து என் மகள் சிரித்த சிரிப்பில் இன்னும் மூன்று மாதம் ஓடியது.

மழையும் பெயின்ட்டும்

நம் ஊரில் இந்த வேலைக்குப் பருவம் உண்டு. சேஸியை சேண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடித்துத் துருவை எடுப்பது) செய்தால், அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். நான் ஐப்பசியில் கொடுத்தேன். சாயங்காலம் வெள்ளி மாதிரி வந்தது, ராத்திரி ஈரக்காற்று, காலையில் போய்ப் பார்த்தால் முழுக்கப் பழுப்பு. செலவு அப்படியே இரண்டாவது முறை. ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்து மழைக்காலத்தைத் தள்ளவும் நினைக்காதீர்கள், அது ஈரத்தை உள்ளே விடும். எபாக்ஸி பிரைமர் போடுங்கள். மெல்லிய தகட்டை, அதாவது மட்கார்டு, பானட் போன்றவற்றை, பிளாஸ்டிங்குக்குக் கொடுத்தால் நெளிந்து வரும். அதற்குக் கை வேலைதான். கடைசிப் பெயின்ட்டும் மாசி, பங்குனி வெயிலில். ஈரநாளில் தின்னர் பெயின்ட் அடித்தால் மேலே வெண்மை படரும்.

ஆயுத பூஜைக்கு முந்தைய ஒரு மாதம் எந்தப் பெயின்டரையும் நம்பித் தேதி குறிக்காதீர்கள். எல்லா லாரியும் அப்போதுதான் அவரைத் தேடும்.

பிரேக்குக்கு மட்டும் ஒரு வார்த்தை. ரப்பர் கிட், ஹோஸ், பைப் மூன்றும் புதிதாகத்தான் போட வேண்டும், பழையது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும். குழிவிழுந்த வீல் சிலிண்டருக்கு ஸ்லீவ் (உள்ளே இறுக்கும் குழாய்) போட்டுக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும் முன்பே பிரேக் தயாராக இருக்கட்டும். ஓடுகிற எஞ்சினைப் பார்த்துவிட்டால் பிரேக் இல்லாமலே ஒரு ரவுண்டு போகத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும்.

பணமும் வீடும்

மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைத் தனியாக வையுங்கள். செலவாகாத மாதம் அது அடுத்த மாதத்தோடு சேரட்டும். கடன் வாங்கி வேலையை விரைவுபடுத்தாதீர்கள். கடன் வந்துவிட்டால் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் வட்டிதான் ஞாபகம் வரும். வீட்டில் முடியும் தேதி சொல்லாதீர்கள். நான் மூன்று பொங்கலைச் சொல்லி, மூன்றிலும் மாட்டிக்கொண்டேன். இப்போது அடுத்து முடியப்போகும் ஒரு பாகத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் ஸ்டார்ட்டும் மரமும்

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது தனியாக இருக்காதீர்கள். டீசல் பம்பில் காற்றுக் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்தால், அதற்குள் இருக்கும் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கிழிந்திருந்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறும், சாவியால் நிற்காது. காற்று உள்ளே போகும் வாயை அடைக்க ஒரு தடித்த பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். டீசல் லைனில் இருக்கும் காற்றை வெளியே எடுங்கள், ஆயில் பிரஷர் முள் ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். என்னுடையது ஐந்தாவது வருடம் தை மாதம், பதினொரு நிமிடம் ஓடியது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று குடத்தோடு ஓடிவந்தார்.

இப்போது மிச்சமிருப்பது கேபின். அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து பல லாரிகள் முகப்போடு மட்டும் வரும். கேபினும் பாடியும் இங்கே பாடி பட்டறையில் மரச்சட்டத்தில் கட்டியவை. நாமக்கல், திருச்செங்கோடு, கரூர்ப் பக்கம் அந்தக் கை இன்னும் உண்டு, ஆனால் மரக் கேபின் கட்டத் தெரிந்த ஆசாரிகள் குறைந்துவிட்டார்கள். தேக்குச் சட்டம் அறுத்து வந்ததும் வேலையைத் தொடங்க முடியாது. ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு முனையிலும் பெயின்ட் பூசி, நடுவில் ரீப்பர் வைத்து, காற்று போகும்படி நிழலில் அடுக்குங்கள். ஒரு பலகையை மாதா மாதம் தராசில் போட்டு, எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதிவாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

என் பலகையில் இதுவரை பதினான்கு வரி இருக்கிறது. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் நூறு கிராம் குறைந்திருக்கிறது. ஆசாரி வந்து விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். "பங்குனி போகட்டுங்க" என்று சொல்லிவிட்டு டீ கேட்டார்.